நாற்பத்தொன்பதே முக்கால்

நியூ ஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் படுக்கை விரிப்பும் துண்டும் விற்கிற ஒரு கம்பெனியின் இரண்டாவது மாடியில் 2022 அக்டோபர் 18, செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து யாராலும் உட்கார முடியவில்லை. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. நடக்கலாம், படி ஏறலாம், கீழே விழுந்த பேனாவைக் குனிந்து எடுக்கலாம். உட்காரப் போனால் மட்டும் நாற்காலிக்கு ஒரு சாண் மேலே உடம்பு நின்றுவிடும், அதற்குக் கீழே இறங்காது. லிஃப்டில் கீழே போய் வரவேற்பறை சோபாவில் தாராளமாகச் சாயலாம். காரில் ஏறி வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது மாடியில் மட்டும்தான் இப்படி. பாத்ரூமில் விதிவிலக்கு இருந்தது, ஆனால் ஏழு நிமிடம். ஏழு முடிந்ததும் உடம்பு தானாக எழுந்து நின்றுவிடும். வேலை முடிந்ததா இல்லையா என்று கேட்காது.

நான்கு மாதம் இது யாருக்கும் தெரியாமல் இருந்தது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். காரணம் எளிது. அந்த மாடியில் எல்லோருக்கும் ஸ்டாண்டிங் டெஸ்க் இருந்தது, பட்டனை அழுத்தினால் மேலே வருகிற மேஜை. அமெரிக்க ஆபீஸில் நின்றுகொண்டே வேலை செய்கிறவரைப் பார்த்து ஏன் நிற்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர் என்று மரியாதை வைப்பார்கள். முப்பத்தெட்டு பேரும் தனக்கு மட்டும்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து, வெளியே சொல்ல வெட்கப்பட்டு, நின்றார்கள். டிசம்பரில் ஆரோக்கியமான அலுவலகம் என்று அந்த மாடிக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். லிஃப்ட் பக்கத்தில் மாட்டியது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்த மாடியில் என்ன வேலை நடந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனிக்குத் துணி நெய்து அனுப்பும், நூல் நூற்று அனுப்பும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் மனித உரிமை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. பார்ப்பது என்றால் போய்ப் பார்ப்பதல்ல. ஆலையிலிருந்து போட்டோ வரும், படிவம் வரும், ஆடிட் ரிப்போர்ட் வரும். அவற்றைப் படித்து ஆம், இல்லை என்று குறித்து, வருடக் கடைசியில் பளபளப்பான தாளில் ஒரு புத்தகம் போடுவார்கள். அந்தப் பிரிவுக்குத் தலைவர் வாஞ்சிநாதன், சென்னை நங்கநல்லூரிலிருந்து வந்து இருபத்திரண்டு வருடமானவர். பதினோரு வருடம் அந்தப் பிரிவை நடத்தியும் ஒரு நூற்பாலையின் உள்ளே கால் வைத்ததில்லை. கெட்டவர் இல்லை. பொங்கலுக்கு டீமுக்கு வீட்டில் சாப்பாடு போடுவார். இந்த மாதிரி ஆட்களைக் கெட்டவர் என்று சொல்ல முடியாமல் போவதுதான் பெரிய தொல்லை.

அவருக்குக் கீழே கண்மணி என்ற இருபத்தொன்பது வயதுப் பெண் இருந்தாள். திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு ஊர். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். அவளுடைய ரெஸ்யூமே கல்லூரியிலிருந்து தொடங்கும். அதற்கு முந்தைய மூன்று வருடம், பிளஸ் டூ முடித்ததும் ஊர்ப் பக்கத்து நூற்பாலையின் ஹாஸ்டலில் தங்கி அறுந்த நூலை ஒட்டியது, அதில் கிடையாது. நியூ ஜெர்சியில் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்டோபர் 17, திங்கட்கிழமை மதியம் அந்த ஆலையின் ஆடிட் ரிப்போர்ட் அவள் திரையில் திறந்தபோதும் சொல்லவில்லை. எச்-ஒன் என்கிற வேலை விசா தொடங்கி அன்றைக்குப் பதினேழாவது நாள்.

கேள்வி எண் 41: நின்று வேலை செய்வோருக்கு உட்கார இருக்கை வசதி உள்ளதா? அதற்குக் கீழே பன்னிரண்டு போட்டோ. மெஷின் வரிசையாக நிற்கிறது, ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் ஒரு பெண் முதுகை நிமிர்த்தி பரீட்சை எழுதுகிறவள் போல உட்கார்ந்திருக்கிறாள். காலியாக இருந்த ஒரு நாற்காலியின் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் 'சேனாபதி பந்தல் நிலையம்' என்று எழுதி, கீழே 214 என்று நம்பர். நம் ஊரில் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வாடகைக்குப் போகிற அண்டா, ஜமுக்காளம், நாற்காலி எதுவும் பெயர் எழுதாமல் கடையை விட்டு இறங்காது. தமிழ் படிக்கத் தெரியாத ஆடிட்டர் அந்தப் போட்டோவுக்கு அடியில், ஆலையின் பெயர் பொறித்த தரமான இருக்கைகள் என்று குறிப்பு எழுதியிருந்தார்.

கண்மணி சிரித்துவிட்டாள். அப்புறம் போட்டோவின் ஓரத்தில் அரைகுறையாகத் தெரிந்த இன்னொரு நாற்காலியைப் பார்த்தாள். இரும்புச் சட்டம், பச்சை ஒயர் பின்னியது. சூப்பர்வைசரின் நாற்காலி. அவள் காலத்தில் அந்த ஷெட்டில் இருந்த ஒரே நாற்காலி அதுதான்.

அந்த மூன்று வருடத்தை நினைத்தால் கண்மணிக்குக் கோபம் வரும், கூடவே ஏக்கமும் வரும், ஏக்கம் வருகிறதே என்று மறுபடி கோபம் வரும். இரைச்சலில் பேச்சு கேட்காது, உதட்டைப் பார்த்தே கதை முழுக்கப் புரிந்துகொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் எல்லோர் தலையும் பஞ்சு படிந்து நரைத்திருக்கும். ஹாஸ்டல் குழாயடியில் ஒருத்தி புருவத்திலிருந்து இன்னொருத்தி பஞ்சு பொறுக்குவாள். கயல் என்றொரு தோழி, பக்கத்து மெஷின், பக்கத்துப் பாய். ஏழாம் நம்பர் மெஷின் அடிக்கடி நூல் அறுக்கும் என்பதால் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தவள் அவள்தான். "மாமியா இன்னைக்கு மூணு தடவ அறுத்துட்டா, மருமக என்ன செய்வேன்" என்பாள். எட்டு மணி நேரம், ஆர்டர் அதிகமானால் பன்னிரண்டு மணி நேரம், நடந்துகொண்டே இருக்க வேண்டும். பாத்ரூமுக்கு டோக்கன், ஏழு நிமிடம். சூப்பர்வைசர் டீ குடிக்கப் போகும் நேரத்தில் மட்டும் அந்த ஒயர் நாற்காலி காலியாகும். ஆளுக்கு ஐம்பது எண்ணும் வரை உட்காரலாம் என்று பெண்கள் தங்களுக்குள் ஒப்பந்தம். எண்ணுவது கயல். மற்றவர்களுக்கு நேராக ஐம்பது. காய்ச்சலோ, மூன்று நாள் வலியோ உள்ள பெண் உட்கார்ந்தால் நாற்பத்தொன்பதில் வேகம் குறையும். நாற்பத்தொன்பதே கால், நாற்பத்தொன்பதரை, நாற்பத்தொன்பதே முக்கால், நாற்பத்தொன்பதே முக்காலே அரைக்கால் என்று போய்க்கொண்டே இருக்கும். ஐம்பது வரவே வராது. கண்மணி அதற்குப் பிறகு பிளெய்ன்ஸ்பரோவில் நல்ல நல்ல நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நாற்காலி போல ஒன்றும் வாய்க்கவில்லை.

அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வாஞ்சிநாதனிடம் போனாள்.

"சார், இது பந்தல் சேர். கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுக்கறது."

"வாஞ்சின்னு கூப்பிடும்மா, எத்தன தடவ சொல்றது." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். அவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும். படித்தார். "சரி, சேர் சேர்தானே? கேள்வி என்ன கேக்குது? சீட்டிங் இருக்கான்னு. போட்டோல இருக்கா இல்லையா?"

"போட்டோல இருக்கு. மில்லுல இருக்காது சார்."

"நீ போய்ப் பாத்தியா?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். இந்த ஊர்க்கதையில் அவள்மேல் ஒரு குற்றம் உண்டென்றால் அது இதுதான்.

"ஒரு தடவ இல்லன்னு போட்டா போன் மேல போன், மீட்டிங் மேல மீட்டிங். உன் எச்-ஒன் இப்பதான் வந்திருக்கு, கிரீன் கார்டு பேப்பர் வேற மூவ் பண்ணலாம்னு இருக்கேன். விடும்மா" என்றார். மிரட்டவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். கண்மணி மூன்று பத்துக்கு ஆம் என்பதை அழுத்தினாள். மறுநாள் காலையிலிருந்து யாராலும் உட்கார முடியவில்லை.

விஷயம் வெளிப்பட்டது பிப்ரவரியில், அதிதி என்ற பெண்ணால். எட்டாவது மாதம், கால் வீங்கி, இவர் உட்கார்ந்துதான் வேலை செய்ய வேண்டும் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். ஹெச்.ஆர். நல்ல நாற்காலி வாங்கிக் கொடுத்தது. அதிதி அதன் மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றபடி அழுதாள். சமாதானம் சொல்ல வந்தவர்கள் ஒவ்வொருவராக, எனக்கும் அப்படித்தான், எனக்கும் என்று சொல்ல, முப்பத்தெட்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகள் வரத்தொடங்கின. மெத்தை வைத்தது, வலை பின்னியது, காற்றடைத்த பெரிய பந்து, கடற்கரையில் மடக்கி விரிப்பது. ஒன்றும் பலிக்கவில்லை. வாஞ்சிநாதனின் மச்சான் டெக்சாஸ் பேர்லேண்டில் முழங்கால் டாக்டர். இவர் விமானம் ஏறிப் போனார். மச்சான் வீட்டு சோபாவில் இரண்டு நாள் உட்கார்ந்து காபி குடித்தார், எக்ஸ்ரே எடுத்தார், மீனாட்சி கோயிலில் அர்ச்சனை செய்தார். திரும்பி வந்து இரண்டாவது மாடியில் லிஃப்ட் திறந்ததும் நின்றார். அதிதியைக் கீழ்மாடிக்கு மாற்றினார்கள். மாற்றிய அன்றிலிருந்து அவள் இறங்கியிருந்த அந்த மூலையிலும் உட்கார முடியாமல் போனது. வேலைதான் தொற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

பிப்ரவரி 23, வியாழக்கிழமை காலை பதினொன்று நாற்பதுக்கு எல்லோரும் விழுந்தார்கள். எதிர்பாராமல் முழங்கால் மடங்கி, முப்பத்தெட்டு பேரும் நின்ற இடத்திலேயே கார்ப்பெட்டில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்கள். யாருக்கும் அடி இல்லை. அந்த சுகத்தில் எல்லோரும் காலை நீட்டிக்கொண்டார்கள். கண்மணி மட்டும் பழக்கதோஷத்தில் எண்ண ஆரம்பித்தாள். சத்தமாகவே எண்ணினாள். ஐம்பதில் எழுந்துவிடுவோம் என்று அவளுக்குத் தோன்றியது, ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஐம்பது வந்தது. யாரும் எழவில்லை. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. அதன் பிறகுதான் உடம்புகள் எழுந்தன. இங்கே பதினொன்று நாற்பது என்றால் அங்கே இரவு பத்து பத்து, சூப்பர்வைசரின் டீ நேரம். ஐம்பது தாண்டியும் ஐம்பது வராமல் இழுத்து எண்ணுகிறவள் உலகத்தில் ஒருத்திதான்.

கயல் இன்னும் அந்த ஹாஸ்டலில்தான். அங்கே ஞாயிற்றுக்கிழமைதான் போன் கொடுப்பார்கள். பத்து வருடம் கழித்துக் கூப்பிடுகிறவளிடம் கயல் எப்படி இருக்கே என்றுகூடக் கேட்கவில்லை.

"அமெரிக்காவுல வெள்ளாவி போட்டியா, குரலு வெளுத்துப்போச்சு."

கண்மணி சொன்னாள். எந்தக் கம்பெனி, எந்தக் கேள்வி, எதை அழுத்தினாள் என்று எல்லாம் சொன்னாள்.

"அப்ப அந்த ஆமாம் போட்டவ நீதானா" என்றாள் கயல். "சேரு வந்துச்சுடி. ஒரு காலைப் பொழுது இருந்துச்சு. உக்காரு, சிரிக்காதேன்னு போட்டோ எடுத்தாங்க. நான் உக்காந்ததுல எந்தக் கல்யாணத்து பாயசமோ காஞ்சு கெடந்துச்சு, பாவாடை ஒட்டிக்கிருச்சு. மத்தியானம் டெம்போவுல ஏத்திட்டுப் போயிட்டாங்க."

வியாழக்கிழமை ராத்திரி என்ன நடந்தது என்று கண்மணி கேட்டாள். ஒயர் நாற்காலிக்கு மேலே நாலு மாதமாக ஒரு கேமரா வைத்திருந்தார்களாம். அன்றைக்கு அதன் கண்ணைப் பஞ்சு அடைத்துவிட்டது. புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்று வலி. கயல் அவளை உட்கார வைத்து எண்ணினாள். மறுநாளே கேமராவைத் துடைத்துவிட்டார்கள்.

"ஒன் முட்டி எப்படி இருக்கு?" என்றாள் கண்மணி.

"முட்டி இருக்கு. நரம்புதான் கொடி மாதிரி சுத்திக்கிச்சு. இங்க பாரு, ஆர்டரைக் கீர்டரை நிறுத்திப்புடாதீங்க. நிறுத்துனா எங்களை வெளிய தள்ளிட்டு, நீங்க வேற மில்லுல வேற பிள்ளைகளை நிக்க வச்சு வாங்குவீங்க. நாங்க கேட்டது உக்கார. அம்புட்டுதான்."

மார்ச் மாதம் கண்மணி கேள்வி 41-க்கு இல்லை என்று திருத்தினாள். நாற்காலி முதுகில் இருந்த எழுத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போட்டாள். அந்த ஆலையில் தான் மூன்று வருடம் வேலை செய்ததையும், ஒயர் நாற்காலிக்குக் கயல் எண்ணுகிற விதத்தையும் முதல்முறையாக எழுதினாள். மில்லை விட்டு ஓடாதீர்கள், உட்கார வையுங்கள் என்று முடித்து, மாடி முழுக்கவும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் அனுப்பினாள். வாஞ்சிநாதன் அவள் மேஜைக்கு வந்து நின்றார். வேறென்ன செய்வார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அனுப்பியிருக்கலாமில்ல?"

"அக்டோபர்ல சொன்னேன் சார்."

"வேலை போனா உனக்கு அறுபது நாள்தான் தெரியுமில்ல? அதுக்குள்ள வேற வேலை, இல்லேன்னா பெட்டிய கட்டணும்."

"தெரியும் சார். எனக்கு அறுபது நாள். கயலுக்குப் பதிமூணு வருஷம்."

கயல் யார் என்று அவர் கேட்கவில்லை. ரிப்போர்ட்டைப் படித்திருந்தார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கண்மணியின் பதவி தேவையில்லை என்று கடிதம் வந்தது. அதில் கையெழுத்து வாஞ்சிநாதனுடையது. அன்று சாயங்காலம் அவளுடைய அட்டைப்பெட்டியை அவரே சுமந்து அவள் காரில் வைத்தார். இரண்டையும் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

அவள் போனதும் சரியாகிவிடும் என்று சிலர் நினைத்தார்கள். ஆகவில்லை. ஏப்ரலில் கம்பெனி வக்கீல்கள் அந்த மாடியில் கூடி, பிரச்சனையே வேண்டாம், அந்த ஆலையை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்துக் கடிதம் தட்டினார்கள். கடைசி வரி முடிந்ததும் மாடியில் யாராலும் சுவரில் சாய முடியவில்லை, மேஜையில் முழங்கை ஊன்ற முடியவில்லை. பள்ளிக்கூட பிரேயரில் நிற்பது போல எல்லோரும் விறைத்து நின்றார்கள். கடிதத்தை அழித்ததும் முழங்கை இளகியது. இது மூன்று முறை நடந்தது. நான்காவது முறை, டைப் அடிக்கச் சொன்னபோது வக்கீலம்மா கையை எடுத்துக்கொண்டார்.

ஜூனில் வாஞ்சிநாதன் திண்டுக்கல்லுக்குப் போனார். ஷெட்டுக்குள் நுழைந்த பத்தாவது நிமிடம் அவருக்கு இருமல் வந்தது. அரை ஷிப்ட் கயலின் பின்னால் நடந்தார். மெஷின் வரிசையின் கோடியில் அவர் முகம் வெளுத்ததைப் பார்த்து, கயல் ஒயர் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார். நான் எண்ணுறேன்."

உட்கார்ந்தார். எட்டு மாதம் அலுவலகத்தில் நின்றவர், அந்த ஒயர் கிழிசலில் புதைந்து கண்ணை மூடினார்.

"பத்து, இருவது, முப்பது, நாப்பது, அம்பது. எந்திரிங்க சார்" என்றாள் கயல்.

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாஞ்சிநாதனும் சிரித்தார் என்று ஒரு தரப்பு சொல்கிறது. கயல் இல்லை என்கிறாள்.

ஆகஸ்ட் 7, திங்கட்கிழமை முதல் அந்த ஆலையில் ஒவ்வொரு மெஷின் வரிசைக்கும் சுவரோரம் மடக்கி விரிக்கிற இரும்புப் பலகை வந்தது. மணிக்குப் பத்து நிமிடம், முறை வைத்து. கேமராவைக் கழற்றினார்கள். பாத்ரூம் டோக்கன் நின்றது. அன்று பிளெய்ன்ஸ்பரோ இரண்டாவது மாடியில் மணிக்குப் பத்து நிமிடம் எல்லோராலும் உட்கார முடிந்தது. முதல் பத்து நிமிடத்தில் யாரும் வேலை செய்யவில்லை. பிரசவ லீவு முடிந்து வந்திருந்த அதிதி, தான் அழவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறாள்.

கண்மணிக்கு ஐம்பத்தொன்றாவது நாளில் கலிபோர்னியா ஃப்ரீமான்டில் வேலை கிடைத்தது, ஆஸ்பத்திரிகளுக்கு சாஃப்ட்வேர் செய்கிற இடம். அங்கே நாள் முழுக்க உட்காரலாம். உட்காருகிறாள். மௌரி அவென்யூ கடையில் கீரை வாங்கிக்கொண்டு நிற்கும்போது, திடீரென்று கையைத் தன் புருவத்துக்குக் கொண்டுபோய் இல்லாத பஞ்சைப் பொறுக்குவாள். ஞாயிறு தவறாமல் போன். கயல் இப்போது பெண்கள் கமிட்டியில் இருக்கிறாள். பேசுவது பாதியும் மாமியார் மெஷினைப் பற்றித்தான்.

பிளெய்ன்ஸ்பரோவில் இன்றும் அப்படியேதான் இருக்கிறது. யாரும் அதைச் சரிசெய்ய முயற்சிப்பதில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் பார்க்கிங் ஸ்டிக்கர் கொடுத்து, காபி மெஷினைக் காட்டி, உட்காருகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி 41 இப்போது படிவத்தில் இல்லை, தேவைப்படவில்லை. பண்டிகைக் காலத்துக்கு முன்னால் சில நாள் முழங்கால் இறுகும். வாஞ்சிநாதன் உடனே ஆலைக்கு போன் போடுவார். "என்னங்க ஆச்சு?" என்பார். ஷிப்மென்ட் அர்ஜென்ட் சார் என்று பதில் வரும். "லேட்டா வரட்டும். உக்கார வைங்க. இங்க நாங்க நின்னுட்டிருக்கோம்" என்பார். பத்து நிமிடத்தில் இளகிவிடும்.

எப்போதாவது, வேளை இல்லாத வேளையில், மாடி முழுக்க முழங்கால் மடங்கும். அங்கே யாருக்கோ முடியவில்லை, கயல் உட்கார வைத்திருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். கையிலிருப்பதை வைத்துவிட்டு எண்ண ஆரம்பிப்பார்கள். ட்ரென்டனில் பிறந்து வளர்ந்த வக்கீலம்மாவுக்குத் தமிழில் வேறொரு வார்த்தை தெரியாது, எண் மட்டும் சுத்தமாக வரும். நாற்பத்தொன்பதில் குரல்கள் மெதுவாகும். நாற்பத்தொன்பதே கால். நாற்பத்தொன்பதரை. நாற்பத்தொன்பதே முக்கால். அதற்கு மேல் யாரும் அவசரப்படுவதில்லை.